கேட்கத் தெரிந்த நடிகர்

பீட்டர் ஃபால்க்கை எனக்கு அறிமுகப்படுத்தியவர் ஓய்வுபெற்ற ஒரு சிறைக்காவலர்.

வேலூரில் நர்சிங் படித்து, சென்னையில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு, 1988-இல் நியூயார்க் மாநிலத்துக்குப் போனேன். மன்ஹாட்டனுக்கு வடக்கே, ஹட்சன் ஆற்றங்கரையில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை. அங்கே இருந்தவர்களில் ஒருவர் ஆஸினிங் ஊரில் உள்ள சிங் சிங் சிறையில் வேலை பார்த்தவர். நாங்கள் எல்லோரும் அவரை 'சார்ஜென்ட்' என்றே கூப்பிடுவோம். பக்கவாதம் வந்து இடக்கை விழுந்துபோயிருந்தது. குரலும் ஞாபகமும் அப்படியே இருந்தன. பீட்டர் ஃபால்க் நடித்த 'கொலம்போ' துப்பறியும் தொடர் ஒளிபரப்பாகும் இரவுகளில் சீக்கிரமே சாப்பிட்டுவிட்டு, பொது அறையின் டிவிக்கு முன்னால் சக்கர நாற்காலியைக் கொண்டுபோய் நிறுத்தச் சொல்வார். மாத்திரை கொடுக்கப் போன என்னையும் ஒரு நாள் பக்கத்தில் உட்காரச் சொன்னார். "உட்காரு பெண்ணே, இவன் எங்கள் ஊர்ப் பையன்."

ஏறக்குறைய 11 வருட இடைவெளிக்குப் பிறகு, 1989 பிப்ரவரியில் ஏபிசி நிறுவனம் அந்தத் தொடரை மறுபடி தொடங்கியிருந்தது. பழைய பாகங்களும் மறு ஒளிபரப்பில் வந்துகொண்டிருந்தன. நான் ராஜேஷ்குமார் நாவல்களை வாசித்து வளர்ந்தவள். கொலை செய்தது யார் என்பது கடைசிப் பக்கத்தில்தான் தெரிய வேண்டும் என்று நினைத்திருந்தேன். இந்தத் தொடரில் முதல் கால் மணி நேரத்துக்குள் கொலைகாரர் யார், எப்படிச் செய்தார், எதற்காகச் செய்தார் எல்லாம் தெரிந்துவிடுகிறது. நாயகனான போலீஸ் லெப்டினன்ட் கொலம்போ அதற்குப் பிறகுதான் வருகிறார். கசங்கிய மழைக்கோட்டு, வாயில் பாதி சுருட்டு, எதையோ தேடிக் கோட்டுப் பைக்குள் துழாவும் கை. பெரிய மாளிகையின் வாசலில் நின்று, உள்ளே வரலாமா என்று கேட்கிறார்.

"கொலைகாரனிடமே அனுமதி கேட்கிறான் பார்" என்றார் சார்ஜென்ட். "சிறையில் நாங்கள் யாரிடமும் அப்படிக் கேட்டதில்லை."

ஃபால்க் 1927 செப்டம்பர் 16 அன்று நியூயார்க் நகரத்தில் பிறந்தவர்; வளர்ந்தது ஆஸினிங்கில். பெற்றோர் அங்கே துணிக்கடை வைத்திருந்தார்கள். ஆஸினிங் உயர்நிலைப் பள்ளியில் 1945-இல் படிப்பை முடித்தார். சிறைச்சாலையை ஒட்டி வாழும் ஊர் அது. அவர் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த 1944 மார்ச்சில்தான், புரூக்ளினில் கூலிக்குக் கொலை செய்துகொண்டிருந்த கும்பலின் தலைவன் லெப்கே புகால்டருக்கு சிங் சிங் சிறையின் மின்சார நாற்காலியில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. 16 வருடம் கழித்து, அதே கும்பலைப் பற்றிய 'மர்டர் இன்க்' படத்தில் ஏப் ரெல்லெஸ் என்ற கொலையாளியாக நடித்துத்தான் ஃபால்க் முதல் ஆஸ்கர் பரிந்துரையைப் பெற்றார். இந்தப் பொருத்தத்தைச் சொல்லும்போதெல்லாம் சார்ஜென்டின் முகம் மலர்ந்துவிடும்.

ஃபால்க்குக்கு வலது கண் இல்லை என்பதையும் சார்ஜென்ட்தான் சொன்னார். அதற்கு முன்பே எனக்குச் சந்தேகம் இருந்தது. நர்சுகளின் கண் அப்படிப் பழகிவிடுகிறது. வலப் பக்கம் நிற்பவரைப் பார்க்க ஃபால்க் வெறும் விழியைத் திருப்புவதில்லை. முழுத் தலையையும் திருப்புகிறார், சில சமயம் உடம்பையே திருப்புகிறார். ஒரு கண்ணை இழந்தவர்கள் பலருக்கும் வரும் பழக்கம் இது. அந்தப் பக்கம் அவர்களுக்கு இருட்டு. தலையைச் சாய்த்து, கண்ணைச் சுருக்கி, நெற்றியில் கை வைத்து யோசிக்கும் அந்தத் தோரணையை உலகம் முழுக்க மிமிக்ரி செய்கிறார்கள். அதன் வேர் மூன்று வயதில் நடந்த ஓர் அறுவை சிகிச்சையில் இருக்கிறது என்பது என் கணிப்பு. குழந்தைகளுக்கு வரும் விழித்திரைப் புற்றுநோய் அவருக்கு வந்தது. உயிரைக் காப்பாற்றக் கண்ணை எடுத்துவிட்டார்கள். (இதைப் படிக்கும் இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை: ஃப்ளாஷ் போட்டு எடுத்த போட்டோவில் குழந்தையின் ஒரு கண்மணி மட்டும் வெள்ளையாகத் தெரிந்தால் தள்ளிப்போடாமல் கண் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். இன்று நேரத்தோடு கண்டுபிடித்தால் பெரும்பாலும் கண்ணையே காப்பாற்றிவிடலாம்.)

பள்ளி நாட்களில் பேஸ்பால் ஆட்டமொன்றில் நடுவர் தவறாக அவுட் கொடுத்ததாக நினைத்து, கண்ணாடிக் கண்ணைக் கழற்றி அவர் கையில் கொடுத்த கதையை ஃபால்க்கே பலமுறை சொல்லியிருக்கிறார். ஊனத்தை ஒளித்துவைத்துப் புழுங்குகிறவர் செய்யக்கூடிய காரியம் இல்லை அது. ஆனால் சினிமா அவ்வளவு எளிதாக அவரை ஏற்கவில்லை. கொலம்பியா ஸ்டுடியோவில் நடிப்புச் சோதனை எடுத்தார்கள். அதே காசுக்கு இரண்டு கண்ணுள்ள நடிகன் கிடைப்பானே என்று ஸ்டுடியோ முதலாளி ஹாரி கோன் கைவிரித்துவிட்டார்.

அதற்கு முந்தைய கதை எனக்கு இன்னும் நெருக்கமானது. என் அப்பா தாலுகா ஆபீஸில் குமாஸ்தா. அரசாங்க வேலை என்றால் எங்கள் வீட்டில் அது கோயில் மாதிரி. ஃபால்க்கும் அரசாங்க வேலையில்தான் இருந்தார். ராணுவம் கண்ணைக் காரணம் காட்டி எடுத்துக்கொள்ளாததால் வணிகக் கப்பலில் சமையல்காரராகப் போனார். திரும்பி வந்து படித்து, 1953-இல் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் பொது நிர்வாகத்தில் முதுகலைப் பட்டம் வாங்கினார். பிறகு ஹார்ட்ஃபோர்டில், கனெக்டிகட் மாநில அரசின் பட்ஜெட் அலுவலகத்தில் வேலை. மாலையில் அமெச்சூர் நாடகம். வெஸ்ட்போர்ட்டில் ஈவா லகாலியென் என்ற பெரிய நடிகை தொழில்முறை நடிகர்களுக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். அலுவலகம் முடிந்து காரை ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் ஃபால்க்குக்குப் பெரும்பாலும் தாமதமாகிவிடும். ஒரு நாள் அந்த அம்மா காரணம் கேட்டார். தான் நிஜத்தில் நடிகன் இல்லை, ஹார்ட்ஃபோர்டில் வேலை பார்ப்பவன் என்று உண்மையைச் சொன்னார் ஃபால்க். நீ நடிகனாகத்தான் இருக்க வேண்டும் என்று அவர் சொன்ன ஒரு வாக்கை நம்பி வேலையை ராஜினாமா செய்துவிட்டு நியூயார்க்குக்குக் கிளம்பிவிட்டார். அப்போது அவருக்கு முப்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. என் அப்பாவுக்கு எழுதிய கடிதமொன்றில் இதை நான் விவரமாக எழுதினேன். பதிலில் அப்பா வேறு எல்லாவற்றையும் விசாரித்திருந்தார். இதைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை.

1956-இல் சிறிய அரங்கொன்றில் யூஜின் ஓநீலின் 'தி ஐஸ்மேன் கம்த்' நாடகத்தில் மதுக்கடைச் சிப்பந்தியாக நடித்தார். முக்கிய வேடம் ஜேசன் ரோபார்ட்ஸுக்கு. அடுத்து 'மர்டர் இன்க்'. அதற்கு அடுத்த வருடம், ஃபிராங்க் காப்ரா இயக்கிய கடைசிப் படமான 'பாக்கெட்ஃபுல் ஆஃப் மிராக்கிள்ஸ்'. அதற்கும் ஆஸ்கர் பரிந்துரை. 1962-இல் 'தி பிரைஸ் ஆஃப் டொமேட்டோஸ்' என்ற டிவி நாடகத்துக்காக எம்மி விருது. பெரிய திரை, சின்னத் திரை என்று அவர் ஒருபோதும் தரம் பிரித்ததில்லை. அந்தக் காலத்து ஹாலிவுட்டில் அது அபூர்வம்.

கொலம்போவை உருவாக்கியவர்கள் ரிச்சர்ட் லெவின்சனும் வில்லியம் லிங்க்கும், பள்ளிக்காலத்திலிருந்தே நண்பர்கள். தஸ்தயேவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' நாவலில் வரும் விசாரணை அதிகாரி பர்ஃபீரிதான் அவர்களுக்கு முன்மாதிரி. ஃபால்க்குக்கு முன்பே டிவியிலும் மேடையிலும் வேறு நடிகர்கள் அந்த வேடத்தைப் போட்டிருக்கிறார்கள். 1968-இல் டிவி படமாக எடுக்கும்போதும் முதலில் பேசப்பட்டவர்கள் லீ ஜே. காப், பிங் கிராஸ்பி. இருவரும் வயதில் மூத்தவர்கள். வேடம் ஃபால்க்கின் கைக்கு வந்தபோது அவருக்கு வயது நாற்பது. ஸ்டுடியோ கொடுத்த உடைகளை ஒதுக்கிவிட்டு, நியூயார்க் 57-ஆம் தெருவில் மழையில் மாட்டிக்கொண்டபோது வாங்கிய தன் சொந்தக் கோட்டை வீட்டு அலமாரியிலிருந்து எடுத்து வந்தார். காரையும் அவரேதான் தேர்ந்தெடுத்தார். யுனிவர்சல் ஸ்டுடியோவின் வண்டிக் கொட்டகை மூலையில் சாயம் போய்க் கிடந்த பெஜோ 403. அந்தக் கோட்டும் காரும் கொலம்போவின் அடையாளங்களாகிவிட்டன.

1973-இல் வந்த 'எ ஸ்டிட்ச் இன் கிரைம்' பாகத்தை நாங்கள் மறு ஒளிபரப்பில் பார்த்த இரவு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. லெனர்ட் நிமோய் இதய அறுவை மருத்துவராக வருகிறார். தன்னோடு ஆராய்ச்சி செய்யும் மூத்த மருத்துவரைக் கொல்லத் திட்டமிட்டு, இதய வால்வு அறுவையில் நிரந்தரமாக இருக்க வேண்டிய தையல் நூலுக்குப் பதிலாகக் கரைந்துபோகும் நூலைப் போட்டுவிடுகிறார். சில நாளில் நூல் கரையும், வால்வு பிரியும், நோயாளி இறப்பார், யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் கூட இருந்த நர்சுக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. கையில் கிடைத்த நூல் துண்டை விரல்களுக்கு இடையில் வைத்துத் தேய்த்துப் பார்க்கிறாள். அதற்காக அவளைக் கொன்றுவிடுகிறார். பொது அறையில் அந்தக் காட்சியின் முழு அர்த்தம் முதலில் புரிந்தது எனக்குத்தான்; சார்ஜென்டுக்கும் மற்றவர்களுக்கும் நான் விளக்கிச் சொன்னேன்.

அந்தப் பாகத்தில் ஒரே ஓர் இடத்தில் கொலம்போவுக்குக் கோபம் வருகிறது. மருத்துவர் எகத்தாளமாகச் சிரிக்கிறார். அதுவரை தலையைச் சொறிந்துகொண்டு, "சார், சார்" என்று குழைந்துகொண்டிருந்த மனிதர் தண்ணீர்க் கூஜாவை எடுத்து மேஜைமேல் ஓங்கி அடிக்கிறார். குரல் உடனே தணிந்துவிடுகிறது. அந்த மூத்த மருத்துவரை நீங்கள் நன்றாகப் பார்த்துக்கொள்ள வேண்டும், அவர் இறந்தால் பிரேதப் பரிசோதனை நடக்கும் என்று தாழ்ந்த குரலில் எச்சரிக்கிறார். ஃபால்க் அங்கே கத்தியிருக்கலாம், வசனத்தை நீட்டி முழக்கியிருக்கலாம். கூஜா போடும் சத்தத்திலேயே முழுக் கோபத்தையும் வைத்துவிட்டு, முகத்தை அடுத்தவருக்கு விட்டுக்கொடுத்துவிட்டார். கேமரா நிமோயின் கண்ணில் வரும் பயத்தைப் பார்க்கிறது. இதைத்தான் நான் பெரிய நடிப்பு என்கிறேன்.

எதிரில் இருப்பவருக்கு அவர் கொடுத்த இந்த இடம்தான் அத்தனை வருடம் தொடர் ஓடியதன் ரகசியம். ஜாக் கேசிடி, ராபர்ட் கல்ப், பேட்ரிக் மெகூஹன் போன்றவர்கள் திரும்பத் திரும்பக் கொலைகாரர்களாக வந்தார்கள். மெகூஹனுக்கு இதற்காக இரண்டு எம்மி கிடைத்தது. ஃபால்க்குக்கு இந்த வேடத்துக்கு மட்டும் நான்கு. படப்பிடிப்பில் திடீரென்று பென்சில் இருக்கிறதா என்று எதிராளியிடம் கேட்டுவிடுவாராம். வசனத் தாளில் அது இருக்காது. எதிரில் நிற்பவர் ஒரு கணம் தடுமாறுவார். அந்தத் தடுமாற்றம் நிஜம், காட்சிக்கும் அதுதான் தேவை.

கொலைகாரர்கள் பெரும்பாலும் பணக்காரர்கள்: இசை நடத்துநர், கலை விமர்சகர், செஸ் சாம்பியன், திராட்சைத் தோட்டத்தை நடத்துபவர். எல்லோரும் கொலம்போவை ஏளனமாகப் பார்க்கிறார்கள். அந்நிய நாட்டில், என் உச்சரிப்பைக் கேட்டதும் புருவத்தை உயர்த்துகிறவர்களுக்கு நடுவே வேலை பார்த்த எனக்கு அந்தப் பார்வை புதிதல்ல. கொலம்போ அதைத் துடைத்துப் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போவதை நான் பாடமாகவே எடுத்துக்கொண்டேன். புரியாததைத் தயங்காமல் மறுபடி கேட்கும் துணிச்சல், வாசல்வரை போனாலும் திரும்பி வந்து இன்னொன்றைக் கேட்கும் துணிச்சல் அங்கிருந்துதான் எனக்கு வந்தது. மருத்துவர் சொன்ன டோஸ் சரிதானா என்று இரண்டாம் முறை கேட்க நர்சுக்கு அது வேண்டும்.

'எனி ஓல்டு போர்ட் இன் எ ஸ்டார்ம்' பாகத்தின் முடிவை நான் யாருக்கும் முழுதாகச் சொல்வதில்லை. டொனால்ட் பிளெசன்ஸ் நடித்த ஒயின் பிரியர், தோட்டத்தை விற்கப் போகும் தம்பியைக் கொன்றவர். அவரைக் கைது செய்து அழைத்துப் போகும் வழியில் கொலம்போ காரை நிறுத்துகிறார். இருவருக்கும் இடையே ஒரு பாட்டில் ஒயின், இரண்டு கண்ணாடிக் கோப்பைகள். விருந்துக்குப் பிறகு அருந்தும் சரியான ஒயினைத் தேர்ந்தெடுத்திருக்கிறேனா என்று கேட்கிறார். நன்றாகக் கற்றுக்கொண்டிருக்கிறீர்கள் என்று குற்றவாளி பாராட்டுகிறார். அந்த நேரத்தில் ஃபால்க்கின் முகத்தில் வரும் பெருமையைப் பாருங்கள். ஆசிரியரிடம் பாராட்டு வாங்கிய மாணவனின் கூச்சம் அதில் இருக்கிறது. ஜெயித்த போலீஸ்காரரின் திமிர் கொஞ்சமும் இல்லை.

டிவியில் சம்பாதித்த பணத்தை அவர் எங்கே போட்டார் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. நண்பர் ஜான் கேசவெட்டீஸ் ஹாலிவுட் ஸ்டுடியோக்கள் தொடத் தயங்கிய படங்களை எடுத்துக்கொண்டிருந்தார். 1974-இல் 'எ வுமன் அண்டர் தி இன்ஃப்ளூயன்ஸ்' படத்துக்கு ஃபால்க் தன் கையிலிருந்து ஐந்து லட்சம் டாலர் போட்டு, தானே கணவனாக நடித்தார். மனம் பிசகிய மனைவியாக ஜீனா ரோலண்ட்ஸ். இரவு முழுக்க வேலை பார்த்த தொழிலாளர் கூட்டத்தையே கணவன் காலையில் வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுகிறான். மனைவி எல்லோருக்கும் ஸ்பாகெட்டி சமைத்துப் பரிமாறுகிறாள். சந்தோஷத்தில் அவள் கொஞ்சம் எல்லை மீறியதும், மேஜை முழுக்க ஆட்கள் இருக்க, கணவன் அதட்டி உட்கார வைக்கிறான். அந்த அதட்டலில் அவமானம், பாசம், பயம் மூன்றும் ஒன்றாக இருக்கின்றன. மனநோயாளிகளின் வீட்டாரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தக் கணவனைப் போல அன்பு இருந்தும் செய்வதறியாமல் கத்துகிறவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். கொலம்போவின் பொறுமைக்கு நேர் எதிரான ஆள் அவன். ஒரே நடிகர், அதே எழுபதுகளில் இரண்டையும் செய்தார். அந்தப் படத்துக்காக ரோலண்ட்ஸும் கேசவெட்டீஸும் ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டார்கள். ஃபால்க்கின் பெயர் பட்டியலில் இல்லை. அது அநியாயம் என்று இன்றும் சொல்வேன்.

விம் வெண்டர்ஸின் 'விங்ஸ் ஆஃப் டிசையர்' 1987-இல் வந்தது. சுவர் இன்னும் நின்றுகொண்டிருந்த பெர்லினில், படப்பிடிப்புக்கு வந்த அமெரிக்க நடிகராக, பீட்டர் ஃபால்க்காகவே வருகிறார். முன்பு தேவதூதனாக இருந்து மனிதனாக இறங்கி வந்தவர் என்பது கதை. குளிரில் சாலையோரக் கடையில் காபி குடித்துக்கொண்டே, கண்ணுக்குத் தெரியாத தேவதூதன் பக்கத்தில் நிற்பதை உணர்ந்து கையை நீட்டுகிறார். கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ளும் சுகத்தைப் பற்றிப் பேசுகிறார். எதிரில் யாருமே இல்லாதபோதும் அவரால் ஒருவரைக் கேட்டுக்கொண்டிருக்க முடிந்தது.

கடைசி கொலம்போ 2003 ஜனவரியில் வந்தது. மொத்தம் 69 பாகங்கள். லெப்டினன்ட் கொலம்போவுக்கு ஒரு கண்தான் என்பதை 1997 வரை தொடர் சொல்லவே இல்லை. பிறகும் போகிற போக்கில் ஒரு வரியாகத்தான் சொன்னது. அதற்குள் எங்கள் சார்ஜென்ட் காலமாகிவிட்டார்.

2008-இல் ஃபால்க்குக்கு மறதி நோய் என்ற செய்தி வெளியே வந்தது. அடுத்த வருடம் லாஸ் ஏஞ்சலஸ் நீதிமன்றத்தில் மருத்துவர் ஒருவர், கொலம்போ என்ற பாத்திரமே அவருக்கு நினைவில்லை என்று சொன்னார். நாளிதழில் அதைப் படித்தபோது நான் பணியில் இருந்தேன், என் பொறுப்பிலும் அதே நோய் உள்ளவர்கள் இருந்தார்கள். பெயர் போகும், தொழில் போகும், பிள்ளைகளின் முகம் போகும். பக்கத்தில் யாராவது உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு கேட்டால் அது மட்டும் கடைசிவரை தெரியும். 2011 ஜூன் 23 அன்று பெவர்லி ஹில்ஸில் உள்ள தன் வீட்டில் ஃபால்க் இறந்தார். 83 வயது. நோயுற்ற பெற்றோரைப் பார்க்கப் பிள்ளைகளுக்கு உரிமை வேண்டும் என்று அவருடைய மகள் பாடுபட்டார். அதன் பலனாக நியூயார்க் உள்ளிட்ட சில மாநிலங்களில் ஃபால்க்கின் பெயராலேயே சட்டம் வந்தது. எங்களைப் போன்ற இல்லங்களில் வேலை பார்த்தவர்களுக்கு அந்தச் சட்டத்தின் அருமை தெரியும்.

ஃபால்க்கைப் பார்த்திராதவர்கள் 'மர்டர் பை தி புக்' பாகத்திலிருந்து தொடங்குங்கள். 1971-இல் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் தன் 24 வயதில் இயக்கியது. கணவனைப் பறிகொடுத்த பெண்ணுக்கு கொலம்போ ஆம்லெட் போட்டுக்கொடுக்கும் காட்சி அதில் வரும். கப்பல் சமையல்காரரின் கை அது. பிறகு நான் மேலே சொன்ன இரண்டு பாகங்கள். அவற்றைப் பார்த்து முடித்த பிறகு 'எ வுமன் அண்டர் தி இன்ஃப்ளூயன்ஸ்' பாருங்கள், வீட்டில் அமைதியான ஒரு நாளில், இடையில் நிறுத்தாமல்.